எட்டுப் பேர் படகு

பத்தொன்பது வருஷமாக ஊட்டியில் இருக்கிறேன்,
ஏரியில் படகேறியதில்லை.
நகராட்சியில் கால்வாய்ப் பிரிவு எனக்கு.
இந்தத் தண்ணீரை நான்
தூர்வாரும் கோப்புகளில், கனமீட்டரில் அறிவேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து தவசிக்கனி வந்திருந்தான்,
சித்தி மகன்.
கார் நிறைய காரச்சேவு,
மப்ளர் சுற்றிய ஆறு தலைகள்.
"போட்டிங் போகாம ஊட்டி பாத்ததா ஆகுமாக்கா?"
வரிசையில் நின்றேன்.
உள்ளூர்க்காரிக்குச் சலுகை இல்லை என்றார்கள்.
அதுவும் சரிதான்.

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில்
முன்னால் போட்டவரின் வேர்வை ஈரம்.
வாரை மாட்டத் தெரியாமல்
தவசியின் மனைவி பொற்கொடி
சிரித்துச் சிரித்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

படகோட்டி பெள்ளிராஜ்
தினமும் சொல்வதைச் சொன்னார்:
இந்தப் பக்கம் தைல மரக்காடு,
அந்தப் பக்கம் மலை ரயில் பாதை,
இது ஏதோ ஒரு கதாநாயகி பூ எறிந்த வளைவு.
சொல்லச் சொல்ல செல்போன்கள் திரும்பின.
கரையில் ஒரு குதிரை
யாரும் ஏறாமல் நின்று
எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது.

கடைக்குட்டி மதுநிலா தண்ணீரில் கையை விட்டாள்.
"ஐஸ்!" என்று அலறினாள்.
மறுபடி விட்டாள்.
"அத்தே, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"
பெள்ளிராஜ் முந்திக்கொண்டார்:
"மலைலருந்து பாப்பா."

பொய்யில்லை.
மேலே சரிவில் அது கசிந்து கிளம்பும் இடத்தில்
நானே இரண்டு கை அள்ளிக் குடித்திருக்கிறேன்.
அப்புறம்தானே ஊருக்குள் இறங்குகிறது,
கோடப்பமந்துக் கால்வாய் என்று பெயர் வாங்கி,
காரட் கழுவி, கறிக்கடை கழுவி,
லாட்ஜ்களின் வெள்ளைத் துண்டுகளை அலசி,
என் வீட்டுப் பின்சுவரோரம் வந்து
கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு.
இன்று காலை எட்டு ஐந்துக்கு
ஏழு தட்டுச் சாம்பாரைப் பொற்கொடிதான் கழுவி ஊற்றினாள்.
நேற்றைய மழைக்கு ஓட்டம் வேகம்.
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
கிட்டத்தட்ட இந்நேரம்.

"அங்க ஏன் போகல?" மதுநிலா கை நீட்டினாள்,
ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக விரிந்த மூலைக்கு.
எல்லாப் படகும் அதற்கு முன்பே திரும்பிவிடும்.
பெள்ளிராஜ் என்னைப் பார்த்தார்.
அப்போதுதான் அடையாளம் தெரிந்தது:
மார்ச் மாதம், குல்லாவைக் கையில் பிடித்தபடி
என் மேஜை முன் நின்றவர்.
"பெறப்பட்டது" என்று முத்திரை குத்தியது நான்.
"போலாமா மேடம்?"
தவசிதான் பதில் சொன்னான்: "போலாம் போலாம்."

பத்தடி போயிருக்கமாட்டோம்,
இன்ஜின் நின்றது.
சத்தம் அடங்கியதும்
வாடை வந்தது.
பொற்கொடி சால்வையால் மூக்கை மூடினாள்.
யாரும் படம் எடுக்கவில்லை.
ஒரு நீர்க்கோழி மட்டும்
இலைமேல் இலைவைத்துத்
தன் வீட்டுக் கூடத்தில் போல நடந்துபோனது.

பெள்ளிராஜ் சட்டைக்கையைச் சுருட்டி
பின்பக்கமாகக் குப்புறச் சாய்ந்தார்.
வேர், வேர், பால் கவர்,
ஒரு லாட்ஜ் துண்டு, பெயரின் பாதி எழுத்து தெரிய.
ஒவ்வொன்றாகப் படகுக்குள் போட்டார்,
என் செருப்புக்குப் பக்கத்தில்.
வேண்டுமென்றா என்று தெரியவில்லை.
வேறு இடமும் இல்லை.

திரும்பும்போது அவர் எதையும் காட்டவில்லை.
தைல மரங்கள் பாட்டுக்கு நின்றன.

தவசி நூறு ரூபாய் நீட்டினான். வாங்கிக்கொண்டார்.
என்னைக் கரையேற்றக் கை கொடுத்தபோது
மெதுவாக, குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை,
"நூத்திப் பன்னெண்டு மேடம்" என்றார்.

மனு எண்.

"என்னத்தே நூத்திப் பன்னெண்டு?"
"படகு நம்பர்டா."

மதுநிலா திரும்பிப் பார்த்தாள்.
மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதியிருந்ததை
எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி
வாசித்தாள்:
முப்பத்தேழு.