மூன்றே விநாடி

பள்ளத்தூர் மைதானத்தில் அடிக்கிற பந்து
ஒன்று கருவேலங்காட்டுக்குப் போகும்,
இல்லையென்றால் அடைக்கலமேரி கைக்கு.

இப்போது அவள் எங்கோ குளிர்நாட்டில்.
பதினேழு வயதுக்குட்பட்ட இந்திய அணி,
முதுகில் இருபத்தொன்று.
இங்கே இரவு ஒன்றரை.
தண்ணீர்த்தொட்டி மேல் ஏழு பேர், ஒரே போன்,
பதினொரு சதவீதம் சார்ஜ்.

மூன்றாவது கோலும் வாங்கியபோது
கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பியது.
குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.
'எறக்கப் போறாய்ங்கடி!' கத்தினாள் சொர்ணவள்ளி.

இறக்கவில்லை.
போனும் அணைந்தது.

விடிந்தால் காரைக்குடி ஐந்து விளக்கில் ஃபிளெக்ஸ்:
'கோல் மழை பொழிந்த சிங்கமே!'
கோல்கீப்பருக்கு.

படம் பிடித்து அனுப்பினோம்.
சிரிப்பு பொம்மை நாலு வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து,
'லேஸ் அவுரவே இல்லடி.
சும்மாதான் கட்டுனேன்.'