பென்சில்

மோல்மேன் தபால் ஆபீஸ் பரீட்சையில்
மூன்றாவதாக வந்தது மா நிலா வின்.
பர்மியத்தில் ஒரு பிழைகூட இல்லையாம்.
நேரில் போய் நின்றது வேதநாயகி.
இரண்டும் நான்தான்.

மூக்கைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.
நீலம்.
"ரோஸ் அட்டை வந்ததும் வா."

ஏழு மழை.

இப்போது குடியுரிமை ஆபீஸ் வாசலில்
குடைக்குக் கீழே என் முக்காலி.
எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்புகிறேன்,
ஒன்றுக்கு ஐந்நூறு கியாட்.
உள்ளிருக்கும் குமாஸ்தாவே ஆள் அனுப்புகிறார்:
"அந்தக் கலா பெண்ணிடம் போ.
அவள் எழுதினால் திரும்பி வராது."

சாரல் சாய்ந்தடித்தால் மை கரைகிறது.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர்
எல்லாம் பேனாவில்.
இனம் என்ற கட்டம் வந்ததும்
மூடியைத் திருகிவிட்டுப்
பென்சிலை எடுக்கிறேன்.