பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று

மூன்றாம் மாடி, சேப்பாக்கம்.
கடல் காற்று உள்ளே வந்தால்
முதலில் பறப்பது ஒப்பீட்டுப் பட்டியல்தான்.
ஸ்டேப்ளரைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு
மறுபடி கூட்டுகிறேன்.

காவலர் அறுபத்திரண்டு பேர், இரண்டு வருட ஒப்பந்தம்.
தொழில்நுட்ப உறையில் தேறியவை மூன்று கம்பெனிகள்.
விலை உறையைப் பிரித்தால்
மூன்றுக்கும் ஒரே மனசு:
சேவைக் கட்டணம்
பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று சதவீதம்.

கால்குலேட்டரை நம்பாமல் பென்சிலில் போட்டேன்.
ஓர் ஆளுக்குச் சம்பளம் பதினாலாயிரத்து முந்நூறு,
அதன்மேல் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ்.
எல்லாம் போட்டு முடித்தபின் கம்பெனிக்கு நிற்பது
தலைக்கு ஒரு ரூபாய் எழுபத்தெட்டு காசு.
அறுபத்திரண்டு தலைக்கு, மாதம், நூற்றுப் பத்து ரூபாய்.
இதில்தான் அண்ணா நகர் ஆபீஸ் வாடகை,
ராத்திரி ரோந்து வரும் சூப்பர்வைசர் பைக்குக்குப் பெட்ரோல்,
முன்வைப்புத் தொகை கட்ட வந்த பங்குதாரர்
வேப்பமர நிழல் பார்த்து நிறுத்திய வெள்ளைக் கார்.

நூற்றுப் பத்து ரூபாயில் ஒரு கம்பெனி உயிரோடு இருந்தால்
அது வேறு எங்கோ சாப்பிடுகிறது.

எங்கே என்று பார்ப்பது என் வேலை இல்லை.
என் வேலை, வரிசை எண் ஏழு:
ஊழியர் ஊதியத் திட்டம் இணைக்கப்பட்டுள்ளதா?
ஆம்.
மூன்றிலும் ஆம். மூன்றிலும் ஒரே எழுத்துரு,
ஒரே வரியில் ஒரே பிழை:
விடுப்பு என்பதை விடுபு என்று.

மாற்று ஆள் என்ற கட்டத்தில்
ஒருவர் கோடு இழுத்திருக்கிறார்.
ஒருவர் 'பொருந்தாது'.
இன்னொருவர் 'நிறுவனமே பார்த்துக்கொள்ளும்'.
காய்ச்சலே வராத அறுபத்திரண்டு பேர்
இந்தத் தாளில் குடியிருக்கிறார்கள்.
யாருக்கும் தங்கை கல்யாணம் இல்லை,
ஒருவர் வீட்டிலும் சாவு விழாது.

கீழேயிருந்து வருகைப் பதிவேட்டை வாங்கி வரச் சொன்னேன்.
மார்ச் பதினொன்று பகல், சி. எட்டியப்பன்.
இரவு, சி. எட்டியப்பன்.
பன்னிரண்டு பகல், சி. எட்டியப்பன்.
மூன்றாவது கையெழுத்தில் 'பன்'
கோட்டை விட்டு இறங்கி
அடுத்தவர் பெயர்மேல் படுத்திருந்தது.

குறிப்பு எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.
இணை இயக்குநர் முழுசும் படித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.
"சரிதாம்மா. எந்த விதியில தள்ளுபடி பண்ணுவீங்க?"
தள்ளுபடிக்கு விதி இல்லை.
சமமாக வந்தால் குலுக்கல் என்று
பதினெட்டாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது.

காலி பிஸ்கட் டின், மூன்று சீட்டு.
மூன்று கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒரே சோபாவில்
இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.
நடுநிலையான ஆள் யாராவது எடுக்கட்டும் என்றார் ஒருவர்.
கேட்டிலிருந்து எட்டியப்பனைக் கூப்பிட்டார்கள்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
வலது கையைப் பேண்ட்டில் துடைத்தார்.
உள்ளே விட்டார்,
டின்னுக்குள் ஏதோ தூங்குவதுபோல மெதுவாக.
எடுத்ததைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

யாரோ கை தட்டினார்கள்.
சாட்சி என்ற இடத்தில் அவரையே போடச் சொன்னார்கள்.
சி. எட்டியப்பன்.
இந்த முறை கோட்டின்மேல் நேராக நின்றது.

லிஃப்ட் அருகில் என்னை நிறுத்தினார்.
"மேடம், புதுக் கம்பெனிக்குச் சட்டை என்ன கலரு?"
ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை.
"முன்னாடி நீலம், இப்ப சாம்பல்.
ஒவ்வொரு வாட்டி மாத்தும்போதும் ஆயிரத்தெண்ணூறு பிடிச்சிக்கிறாங்க.
நீலம்னா என்கிட்ட இருக்கு."

கோப்பைச் சுவரில் சாய்த்துப் புரட்டினேன்.
பக்கம் நான்கு. சீருடை: இலவசம்.
வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே.

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போனது.
"அது சரி மேடம்" என்றார்,
"கலரு போட்டிருக்கா?"