பார்வையாளர் படிவம்

தேன்கனிக்கோட்டை கோர்ட்டில்
கடைசி பெஞ்ச் எனக்கு.
குற்றவியல், இரண்டாமாண்டு.
ஒரு ஜாமீன் மனுவுக்கு
எத்தனை நிமிடம் என்று எண்ண வேண்டும்.
அண்ணனின் கைக்கடிகாரம்.
பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது.

டவாலி மூன்று முறை கூப்பிட்டார்:
ஜெகதீசன், ஜெகதீசன், ஜெகதீசன்.
யாரும் அசையவில்லை.
ஏட்டு முதுகில் ஒன்று வைத்ததும்
ஜுஞ்சப்பன் எழுந்து நின்றார்.

போர்வெல் மோட்டாரின் செம்புக் கம்பி, நாலு கிலோ.
உள்ளே போய் நாற்பத்தாறு நாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

சொன்னார், கன்னடத்தில்.
முதலாளிதான் தூக்கிவரச் சொன்னாராம்.
இரண்டு மாசக் கூலி அவரிடம் நிற்கிறதாம்.
கேட்டதற்குத்தான் இந்தக் கேஸாம்.
ஒரு சொல் விடாமல் புரிந்தது எனக்கு.
எங்கள் வீட்டில்
சண்டை போடுவதும் சமாதானமாவதும்
அந்த மொழியில்தான்.

"என்ன சொல்றான்?"
"விட்டுடுங்கன்றான் ஐயா."

விட்டார்கள்.
உள்ளூர் ஆட்கள் இருவர் பிணை நிற்க வேண்டும்,
வீட்டுவரி ரசீதோடு.
அஞ்செட்டிக்கு மேலே
அவர் ஊருக்கு வரி கேட்டு
இதுவரை ஒருத்தரும் ஏறியதில்லை.
அதே வேனில் திரும்பிப் போனார்.

மூன்று நிமிடம், பத்து விநாடி.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
மொழி தெரிந்தவர் எவரேனும் இருந்தாரா?
ஆம். இல்லை.
ஓசூர் பஸ் இரண்டைத் தவறவிட்டு
'ஆம்' மேல் டிக் அடித்தேன்.

திருத்தி வந்த தாளின் ஓரத்தில்
சிவப்பு மையில்
ஒரே ஒரு சொல்:
யார்?