சில நேரம் கேட்கும்

அடும்பு பறிக்கப் போன காலையில்
மணலுக்குள் கிடந்த பாட்டில் சில்லு பெருவிரலைக் கிழித்தது.
குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.
எழுதியது:
ஆட்டுக்கால் அடும்பு, பூவோடு, இரண்டு கிலோ,
மண்டபம், பெண்கடல் பக்கம்.
பேராசிரியர் பெண்கடலை அடித்துவிட்டு
அட்சரேகை கேட்டார்.

நிழலில் பதினொரு நாள்.
இரண்டு கிலோ முந்நூறு கிராமாகி,
சாராயத்தில் ஊறி, சுழன்று, வற்றி,
கடைசியில்
ஒரு சாந்துச் சிமிழுக்குள் அடங்குகிற
கரும்பச்சைப் பிசின்.
முகர்ந்தால் கடல் இல்லை.
பழைய வெல்லம், ஈரச் சாக்கு.

எனக்கு எலி ஒத்துக்கொள்ளாது.
கூண்டைத் திறந்ததும் தும்மல்,
பதினேழு வரை எண்ணியிருக்கிறேன்.
கழுத்தெல்லாம் தடிப்பு.
ஒவ்வாமைக்கு மூலிகை தேடுகிறவன்
பையடியில் மாத்திரை அட்டை ஒளித்திருக்கிறேன்.
மருந்துக்கடை சீனி இபுராகிம் எதுவும் கேட்பதில்லை.
என் தலை தெரிந்ததும்
அட்டையை எடுத்து மேசையில் வைப்பார்.

தணிக்க வேண்டுமென்றால்
முதலில் வீங்க வைக்க வேண்டும்.
எலியின் பின்னங்காலுக்கு ஒரு வெள்ளைப் பொடி,
கடல் தாண்டி வருகிறது,
சின்னக் குப்பி, பெரிய விலை.
தண்ணீரில் கலந்தால் கஞ்சிபோல் வழவழக்கும்.
லேபிளின் பின்பக்கத்தை ஒருநாள்தான் படித்தேன்:
செம்பாசியிலிருந்து எடுக்கப்பட்டது.

தங்கச்சிமடத்துக் கரையில்
மூங்கில் மிதவைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார் செங்கோல்மேரி.
ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கைப்பிடிப் பாசி.
சொன்னேன்.
"எங்க பாசியா? அதத் தின்னா எலிக்கு வீங்குமா?"
"தின்றால் இல்லை அக்கா, ஊசியில் ஏற்றினால்."
கயிறை மடியில் போட்டுவிட்டுத்
தன் விரல்களைப் பார்த்தார்,
கணுக்கணுவாகத் தடித்தவை.
"இங்க ஊசி போடாமலே ஏறிருச்சே."
பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அவர் முழங்கையில் சொறிமுட்டை பட்ட தழும்பு,
சாட்டை இழுத்ததுபோல் நான்கு கோடு.
"இதுக்கு அடும்பு கேக்குமா?"
"சில நேரம் கேக்கும்."
"கேக்காட்டி?"
"கேக்காட்டி அரிக்கும்."
அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

கூண்டுக்கு ஆறு எலி.
முதல் கூண்டுக்கு வெறும் உப்புநீர்,
இரண்டாவதற்குக் கடை மருந்து,
மூன்றாவதற்கு என் பிசின்.
காலை முக்கினால் பாதரசம் ஏறும்.
ஏறிய கோட்டைக் குறிக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
மூன்றாம் மணியில் நான்கு எலியின் கால் கேட்டது.
ஐந்தாவது, பாதி.
ஆறாவது,
வாலில் நீல மை இரண்டு கோடு போட்டது,
கேட்கவேயில்லை.
உப்புநீர்க்காரனைப்போல் வீங்கிய காலைத் தூக்கி
மூலையில் உட்கார்ந்து
மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மணிக்குப் பிறகு
எதுவும் கூண்டுக்குத் திரும்பாது.
அதற்கும் ஒரு வரி உண்டு,
நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணோடு.

"ஆறாவதை எடுத்துரலாமே" என்றார் பேராசிரியர்,
"ஊசி சரியா ஏறியிருக்காது."
ஏறியது. கையில் பிடித்திருந்தவன் நான்.
எடுத்தால் அட்டவணை அழகாக இருந்தது.
எடுத்துப் பார்த்தேன்,
மறுபடி சேர்த்தேன்.
வரைபடத்தில் பிழைக்கோடு
தனியாக நட்ட மூங்கில்போல் நீண்டு நின்றது.
முடிவுரை பன்னிரண்டு பக்கம்.
செங்கோல்மேரிக்கு இரண்டு சொல் போதுமாயிருந்தது.

இப்போது இரவு எட்டு இருபது.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்கிற சத்தம்.
சிமிழில் ஒட்டியிருந்த பிசினை வழித்துக்
கழுத்துத் தடிப்பின் இடப்பக்கம் தடவியிருக்கிறேன்.
வலப்பக்கத்துக்கு உப்புநீர்.
மாத்திரை போடவில்லை.
மூன்றாம் மணிக்கு
இன்னும் நாற்பது நிமிடம்.
இரண்டு பக்கமும் அரிக்கிறது.