முப்பத்து மூன்றாம் வரிசை

டுலூத்தில் ஜூன் மாதமும் குளிர்தான்.
மடத்தின் மூன்றாம் மாடியில்
முன்பு துணி மடித்த அறை, இப்போது பொருளகம்.
எனக்கொரு மேசை, பழைய கணினி,
மணிக்குப் பதினேழு டாலர், மதியம் சூப்.
ஜெபம் தெரியாது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன்.
எக்செல் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

முதல் வாரம் விலக்குப் பட்டியல்.
துப்பாக்கி, புகையிலை, தனியார் சிறை, நிலக்கரி.
சிவப்பு விழுந்தால் விற்றுவிட வேண்டியதுதானே.
ஆனால் ஒரு சுரங்கக் கம்பெனி
வருடக்கணக்காகச் சிவப்பிலேயே கிடந்தது,
இருநூற்றுப் பன்னிரண்டு பங்குகளோடு.
"அதை விற்றால் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்"
என்றார் சகோதரி ரோஸ்விதா, ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டே.
பங்கு வைத்திருப்பவருக்குத்தான் ஆண்டுக் கூட்டத்தில்
இரண்டு நிமிடம் பேச்சு.

அந்தக் கம்பெனியில்தான்
என் அப்பா லாரி ஓட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை.
அதன் கழிவுக் குட்டைக்குக் கீழே இருக்கும் ஏரியில்
நீந்தப் பழகினேன் என்பதையும்.

ஜூலையில் வேறு வேலை.
முப்பத்தொரு சகோதரிகள், முப்பத்தொரு வரிசைகள்:
பெயர், பிறந்த ஆண்டு, மருந்துச் செலவு,
கடைசிப் பத்தியில்
காப்பீட்டு அட்டவணை சொல்லும் ஆண்டு.
மென்பொருள் கேட்டது: முதலீட்டுக் காலம்?
கல்லூரிகள் எல்லாம் 'முடிவிலி' என்று தட்டுமாம்.
நான் தட்டியது 2058.
கொலம்பாவின் ஆண்டு அது. அவருக்குப் பின் யாரும் இல்லை.

நிலைத்த முதலீடு என்று பெயர்.
வைத்திருப்பவர்கள் நிலைக்கப்போவதில்லை,
பணமும் அவர்களோடு தீர வேண்டும்,
ஒரு டாலர் முன்னதாகவும் இல்லாமல்
பின்னதாகவும் இல்லாமல்.
இதற்குப் பாடப்புத்தகத்தில் சூத்திரம் இல்லை.

தாளை மறைத்துவைக்க நினைத்தேன்.
இரவு உணவில் அது
உப்புக் குப்பியோடு கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.
ஹெட்விக் தன் ஆண்டு ரொம்பத் தள்ளி இருப்பதாகக் குறைபட்டார்.
கொலம்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து,
"அப்படியானால் கடைசிப் பாத்திரம் வரை
நான்தான் கழுவணுமா?" என்றார்.
மேசை முழுக்கச் சிரிப்பு.
எனக்குத்தான் சூப் இறங்கவில்லை.

கூட்டத்தன்று ரோஸ்விதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
தொலைபேசியில் கேள்வியை நான் வாசித்தேன்:
அணை எத்தனை ஆண்டு தாங்கும்?
யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தப் பணத்தில்?
வாசிக்கும்போது ஊர்ப்பெயரில்
என் உச்சரிப்பு உள்ளூராக மாறிவிட்டது.
ரோஸ்விதா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
நிரந்தரமாகக் கண்காணிப்போம் என்றது மறுமுனை.
நிரந்தரம் என்ற சொல்லை
அவ்வளவு வேகமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்து புள்ளி நான்கு சதவீதம் வாக்கு.
தோற்றோம்.
ஐந்தைத் தாண்டியதால்
இதே கேள்வியை அடுத்த ஆண்டும் கேட்கலாம்.
அதற்காகக் கேக் வெட்டினார்கள்.

அன்று மாலை அப்பாவிடமிருந்து செய்தி:
"ரேடியோவில் உன் குரல் மாதிரி ஒன்று."
பதில் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன்.
"ஆமாம்."
மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்தன.
ஏரியில் தாதுக் கப்பலொன்று ஊதிவிட்டுப் போனது.

போவதற்கு முந்தைய நாள்
பட்டியலில் ஒரு வரிசை சேர்த்தேன். முப்பத்து மூன்றாவது,
தலைப்பு வரியையும் எண்ணினால்.
பெயர்: காலி.
பணி: பாத்திரம் கழுவ ஆள், வாரம் மூன்று நாள்,
2051 முதல் 2058 வரை.
தேவையான வருமானம்
ஒரு சதவீதத்தில் நூறில் இரண்டு பங்கு கூடியது.
தணிக்கையாளர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாராம்.
ரோஸ்விதா அதன் கீழே
பென்சிலால் எழுதியிருக்கிறாராம்: இருக்கட்டும்.