பின்னிரைச்சல்

முதலில் குரலைக் கழற்றி வைக்கிறேன்,
நனைந்த கோட்டை ஆணியில் மாட்டுவதுபோல்.
அடுத்து மூச்சு.
அடுத்து எங்கோ நாற்காலி நகர்ந்த கீச்சு.
எல்லாம் எடுத்த பின்னும்
அடியில் ஒன்று போக மறுக்கிறது:
ஒரு முனகல். ஐம்பது ஹெர்ட்ஸ்.
சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் முனகல்.

மாரிபோர் காவல் நிலையம், மூன்றாம் மாடி.
கதவில் என் பெயர்: யெர்னேயா புஷ்னிக்.
துப்பாக்கியைத் தொட்டு ஆறு வருஷமாயிற்று.
என் ஆயுதம் ஒரு ஹெட்போன்,
இடது காதில் பஞ்சு பிய்ந்தது.
புதிது கேட்டு நான் எழுதிய மனு
லுப்லியானாவில் இன்னும் தூங்குகிறது.

வழக்கு சின்னது.
ப்துய் ஊரில் சில்வா லோர்பெர்,
தையல் மெஷின் கடைக் கணக்காளர்.
மார்ச் மூன்று, மாலை, போனில் ஒரு குரல் செய்தி:
"அம்மா, விபத்து. யாரிடமும் சொல்லாதே, அம்மா."
ஒன்பதாயிரம் யூரோ அனுப்பினாள்.
மகனோ அந்த நேரம் ஹாம்பர்கில்
பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து கிடந்தான்.

குரல் அவனுடையது. பேச்சு அவனுடையதல்ல.
பழைய கல்யாண வீடியோவில் நாற்பது நொடி,
இயந்திரத்துக்கு அது போதும்.
இயந்திரம் பெற்ற குரலுக்கு
அறை கிடையாது, சுவர் கிடையாது.
ஆனால் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு
பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்தவனுக்கு
ஓர் அறை இருந்தது.
அந்த அறையில் ஒரு பிளக் இருந்தது.

என் தம்பி தேனீ வளர்க்கிறான்.
பெட்டியில் காதை வைத்தே
ராணி இருக்கிறாளா, செத்தாளா, சொல்லிவிடுவான்.
எனக்கும் கிட்டத்தட்ட அதே பிழைப்பு.
மின்சாரம் ஒருநாளும் சரியாக ஐம்பதில் நிற்காது.
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு,
ஐம்பது புள்ளி பூஜ்யம் ஒன்று,
குடிகாரன் வீடு திரும்புவதுபோல் போகும்.
நேற்றுத் தள்ளாடியதுபோல் இன்று தள்ளாடாது.
லிஸ்பன் பல்புக்கும் இஸ்தான்புல் பல்புக்கும்
ஒரே நேரத்தில் ஒரே தள்ளாட்டம்.
அதை நொடி தவறாமல் குறித்துவைக்கிறோம்.

பணம் மூன்று வங்கி தாண்டி
திலென் ஃபெர்க் வாசலில் போய் நின்றிருந்தது.
மார்ச் மூன்றில் அவன் கப்பலில்.
டிக்கெட்டைக் காட்டினான்,
கண்ணாடிச் சட்டம் போடாத குறைதான்.
நான்கு இரவு முனகலோடு உட்கார்ந்தேன்.
கோட்டின் மேல் கோடு விழுந்தது:
பிப்ரவரி பதினொன்று, அதிகாலை 2:41.
அவன் வேலை பார்த்த அச்சகத்தின் கதவு
அந்த மணியில் ஒரே ஒரு அட்டைக்குத் திறந்திருந்தது.

சோற்றில் பூசணிக்காயை மறைத்தவன்
ஆவியை மறக்கிறான்.

கையெழுத்துப் போட வந்தாள் சில்வா.
நாலாயிரம் மீண்டதைச் சொன்னேன்.
அவள் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.
"அந்தக் குரலை ஒரு பிரதி எடுத்துத் தருவீர்களா?"
அது பொய் என்றேன்.
"தெரியும்.
நாலு வருஷமாக அவன் என்னை
அம்மா என்று கூப்பிட்டதில்லை.
இதில் இரண்டு தடவை."

சான்றுப் பொருள், எண் நூற்றுப் பதினேழு.
சட்டம் சொன்னதைத்தான் சொன்னேன்.
தலையாட்டினாள்.
கைப்பையின் ஜிப் பாதியில் சிக்கியது,
இழுத்தாள், மறுபடி இழுத்தாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன்,
வாக்குமூலப் பதிவை நான் நிறுத்தவேயில்லை.
அவள் பேசாத பதினோரு நொடியும் அதில் இருக்கிறது,
பின்னால் எங்கள் சுவரின் முனகலோடு.
என்றைக்காவது, எவராவது,
என் குரலையும் கழற்றி வைத்துவிட்டு
அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கலாம்.